இதயத்துக்கு ஸ்கேன் எப்போது தேவை? மலையிறங்கும் முன் எழும் கேள்வி

புது தில்லி: நெஞ்சு வலி என்று வருபவருக்கு எக்கோ போதுமா, டிரெட்மில் சோதனை வேண்டுமா, சி.டி. ஆஞ்சியோகிராம் வரை செல்ல வேண்டுமா என்பதைப் பெருநகர மருத்துவமனை ஒன்றில் ஒரே நாளில் முடிவு செய்துவிடலாம். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையையொட்டி வாழ்வோரின் நிலைமை வேறு. அங்கு எழுதித் தரப்படும் ஒவ்வொரு சோதனைக்கும் கட்டணத்துடன் ஒரு நாள் கூலியும் மலைப்பாதைப் பயணமும் செலவாகிறது.

இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். குமுளியிலிருந்து கோட்டயம் சுமார் 110 கி.மீ. தொலைவில் உள்ளது, தேனியோ சுமார் 60 கி.மீ. தான். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடி பகுதியினருக்குக் கோவை அருகில் உள்ளது. மாநில எல்லையைக் கடந்தால் மருத்துவர் மாறுகிறார். பழைய அறிக்கை கையில் இல்லையெனில் அதே சோதனையை மீண்டும் எடுக்க நேரிடுகிறது.

அளவுகோல் என்ன?: எந்த நோயாளிக்கு எந்தப் படச் சோதனை பொருத்தமானது என்பதை வரையறுக்கும் பணியை அமெரிக்க இதயவியல் கல்லூரி 2005-ல் தொடங்கியது. நோயாளியின் நிலைமைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் வல்லுநர் குழு 1 முதல் 9 வரை மதிப்பெண் வழங்குகிறது. 7 முதல் 9 வரை பெற்றால் சோதனை பொருத்தமானது. 4 முதல் 6 வரை எனில் பொருத்தமாக இருக்கக்கூடும். அதற்கும் கீழ் எனில் அரிதாகவே பொருந்தும். இப்பட்டியலின் அடிப்படை எளிமையானது: சோதனையின் முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால், அச்சோதனையால் நோயாளிக்குப் பயனில்லை.

வலி வந்தவுடன்: மாரடைப்பு என்ற ஐயம் எழும்போது முதலில் தேவைப்படுவது ஸ்கேன் அல்ல, ஈசிஜி. மருத்துவமனையை அடைந்த 10 நிமிடங்களுக்குள் அதை எடுக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டு நெறி. ஈசிஜி மாரடைப்பைத் தெளிவாகக் காட்டிய பிறகு, எக்கோவுக்கோ ஸ்கேனுக்கோ காத்திருந்து சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது. சிறு மருத்துவமனைகளிலும் ஆம்புலன்ஸ்களிலும் எடுத்த ஈசிஜியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி சிகிச்சையை ஒருங்கிணைக்கும் திட்டம் தமிழகத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2,420 நோயாளிகளை ஆராய்ந்து 2017-ல் வெளியான அறிக்கையின்படி, ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. மலைப்பகுதிகளுக்கு இது நல்ல பாடம்.

யாருக்குத் தேவை?: மூச்சுத் திணறல், கால் வீக்கம், ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இதய முணுமுணுப்பு ஆகியவை இருந்தால் எக்கோ அவசியமாகிறது. இதில் கதிர்வீச்சு இல்லை. அதேவேளையில், வால்வில் லேசான கோளாறு மட்டுமே உள்ளவருக்கு, அறிகுறிகளில் மாற்றமில்லாதபோது ஆண்டுதோறும் எக்கோ எடுப்பது தேவையற்றது. கண்புரை போன்ற அபாயம் குறைந்த அறுவை சிகிச்சைக்கு முன் இதய ஸ்ட்ரெஸ் ஸ்கேன் எடுப்பதும் அப்படியே.

நடக்கும்போது வந்து, ஓய்வெடுத்தால் அடங்கும் நெஞ்சு வலி உள்ளவர்களுக்கு சி.டி. ஆஞ்சியோகிராம் உதவக்கூடும். ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையுடன் இச்சோதனையும் செய்யப்பட்டவர்களில் 2.3 சதவீதத்தினரே ஐந்தாண்டுகளில் இதய ரத்தக்குழாய் நோயால் இறந்தனர் அல்லது மாரடைப்புக்கு உள்ளாயினர். மற்றவர்களில் இது 3.9 சதவீதம். ஆனால் ரத்தக்குழாய் அடைப்புக்கான வாய்ப்பு 5 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ இருப்பவர்களுக்குச் சோதனையைத் தள்ளிவைக்கலாம் என்கிறது ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024-ம் ஆண்டு வழிகாட்டி.

கதிர்வீச்சும் கணக்கில் கொள்ளத்தக்கது. அணுக்கதிர் மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்ட்ரெஸ் ஸ்கேனில் உடல் பெறும் கதிர்வீச்சு சுமார் 10 மில்லிசீவர்ட். இயற்கையாக ஒருவர் ஓராண்டில் பெறுவதாகக் கணக்கிடப்பட்டுள்ள உலக சராசரி 2.4 மில்லிசீவர்ட்.

தேவையற்ற சோதனை ஒரு குறை என்றால், தேவையான சோதனை கிடைக்காமல் போவது அதைவிடப் பெரிய குறை. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு சில வேளைகளில் சோர்வு, வியர்வை, மேல்வயிற்று வலியாக மட்டுமே தோன்றும். வாயுத் தொல்லை என்றெண்ணி, கொழுந்து பறிக்கும் வேலையைத் தொடர்பவருக்கு ஓர் ஈசிஜி உயிரைக் காக்கக்கூடும்.

செலவு யாருடையது?: 2018-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உள்நோயாளி சிகிச்சைக்கு உதவுகிறது. கேரளத்தில் இது காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்துடன் இணைத்துச் செயல்படுத்தப்படுகிறது. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள்களின் சோதனைச் செலவும் மத்திய திட்டத்தில் அடங்கும். ஆனால் புறநோயாளியாக வந்து சோதனை செய்துகொண்டு வீடு திரும்புபவருக்கு அதில் இடமில்லை. ஸ்டென்ட் பொருத்த உதவி உண்டு. அது தேவையா என்று முன்கூட்டியே கண்டறியும் சோதனைக்கு, தனியார் மருத்துவமனையை நாடினால், சொந்தப் பணம் வேண்டும்.

மருந்து தடவிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் ரூ.29,600 என மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. ஸ்கேன் கட்டணங்களுக்கு அப்படி நாடு தழுவிய உச்சவரம்பு ஏதுமில்லை. மருத்துவமனைகள் கட்டண விவரத்தை வெளிப்படையாக வைக்க வேண்டும் என்று கேரளத்தின் 2018-ம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் கூறுகிறது. எல்லைப்புறத் தமிழருக்குப் புரியும் மொழியிலும் அது இருந்தால் பயன் கூடும்.

அறிக்கை நோயாளியின் உரிமை: நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறை. எக்கோ அறிக்கை, ஈசிஜி தாள், ஆஞ்சியோ குறுந்தகடு ஆகியவற்றைக் கையில் வைத்திருந்தால், எல்லை தாண்டும்போது அதே சோதனைக்கு இரண்டாம் முறை பணம் செலுத்துவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

அவசர நிலை இல்லாதபோது, ஸ்கேன் எழுதித் தரும் மருத்துவரிடம் நோயாளி மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்: இதில் என்ன தெரியவரும்? அதனால் என் சிகிச்சை மாறுமா? இப்போதே எடுக்க வேண்டுமா? தெளிவான பதில் கிடைத்தால், கூலியை இழந்து மலையிறங்கும் பயணத்துக்கும் அர்த்தம் இருக்கும்.