உங்களுக்குத் தெரியுமா? ஆலைக் கழிவும் கூட்டுக் குஞ்சும்

● ஜவ்வாது மலைப் புதூர்நாட்டில் காடும் சாமைக் கொல்லையும்தான் கண்ணில் படும். மலையை விட்டு இறங்கினால், அதே திருப்பத்தூர் மாவட்டத்தில் பாலாற்றையொட்டி வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஆலைகள். இந்த ஆலைகளின் கழிவுநீர் வழக்கில்தான், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

● தோல் பதனிட உதவும் குரோமியத்தைக் கருவுற்ற கோழிமுட்டைக்குள் செலுத்தி 1979-ல் ஆராய்ந்தார்கள். கருக்குஞ்சுகளின் கால்கள் குறுகி முறுக்கிக்கொண்டன. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல்!

● சிட்டுக்குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கோ புழு பூச்சிதான் ஊட்டும். கூட்டுக்கு அருகில் எது அகப்படுகிறதோ அதுவே குஞ்சின் உணவு. அந்த மண்ணில் நஞ்சு இருந்தால் தப்பிப் பறக்க அதற்குச் சிறகு இல்லை.

● அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஓர் ஆலையிலிருந்து 1929 முதல் 1950 வரை சவுத் ஆற்றில் பாதரசம் கலந்தது. அரை நூற்றாண்டு கடந்த பிறகும், மீனையே தொடாத கரையோரச் சிறு பறவைகளின் ரத்தத்தில் அது இருந்தது. கொண்டுவந்து சேர்த்தவை பெரும்பாலும் சிலந்திகள்! இதில் என்னை மிகவும் வருத்துவது அடுத்த செய்தி. இறகு முளைக்கும் நாட்களில் குஞ்சின் உடல் பாதரசத்தை இறகுக்குள் தள்ளிவிடுகிறது. இறகு வளர்ந்து முடிந்ததும் அந்த வடிகால் அடைபட்டு, ரத்தத்தில் நஞ்சு ஏறுகிறது. கூட்டை விட்டு வெளியேறி இரை தேடவும் எதிரிக்குத் தப்பவும் பழகுகிற நேரம் அது.

● பின்லாந்தின் ஹார்யவால்டா செம்பு உருக்காலை அருகே ஈப்பிடிப்பான் முட்டைகளின் ஓடு மெலிந்தது. ஆலை தன் கழிவுப் புகையைக் குறைத்த சில ஆண்டுகளிலேயே கூடுகளில் குஞ்சுகள் மறுபடி நன்றாகத் தேறின. மனிதர் நினைத்தால் சரிசெய்ய முடிகிறது.

● 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசைக் கண்காணிக்கக் குழு அமைக்கச் சொன்னது. தண்ணீரையும் மண்ணையும் சோதித்தால் மட்டும் போதாது. கரையோரக் கூடுகளில் பொரியாத முட்டையையும் உதிர்ந்த இறகையும் வனத்துறை வழியாகச் சேகரித்து அந்தக் குழு சோதிக்க வேண்டும்.