வெயிலுக்கு ஏற்ற கண்டாங்கி நைட்டி! நனைக்காமல் வெட்டினால் காசு போச்சு

கல்லல்-

அக்கினி நட்சத்திரம் கொளுத்தும்போது பாலியஸ்டர் நைட்டி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வேர்க்குரு பிடுங்கி எடுக்கும். அதற்கு மருந்து கல்லல் பெண்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்குடி கண்டாங்கி! கைத்தறியில் நெய்த பருத்திக் கட்டம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை.

சேலை ஐந்தரை மீட்டர். நைட்டிக்கு மூன்று மீட்டர் போதும். மிச்சத்தில் பிள்ளைக்கு ஒரு கவுன் தேறும்.

முதலில் தண்ணீர்

புதுப் பருத்தி தண்ணீர் பட்டால் சுருங்கும். அப்படியே தைத்தால் முதல் சலவையிலேயே கை இறுக்கும், கெண்டைக்கால் தெரியும். சேலைக் காசு தண்ணீரோடு போன மாதிரிதான்! சாயம் மற்றதில் ஏறாமல் தனியாக ஓர் இரவு ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, தேய்த்த பிறகே கத்தரி வைக்கணும்.

பேப்பர் கட்டிங்

பொருத்தமான பழைய நைட்டியைப் பேப்பரில் விரித்து கோடு போடணும். தையலுக்கு அரை அங்குலம், அடி மடிப்புக்கு ஒரு அங்குலம் கூடுதல். காற்றோட்டத்துக்கு மார்புச் சுற்றளவை விட ஆறு அங்குலமாவது தாராளம் வேண்டும். பக்கத் தையலில் கட்டத்தோடு கட்டம் சேரணும். கரையை வெட்டி கை ஓரத்துக்கும் சாவி, சில்லரை போட ஒரு பாக்கெட்டுக்கும் வைத்தால் எடுப்பாக இருக்கும்.

பேப்பருக்கு எங்கே போவது? படித்து முடித்த மாலைப் பேப்பரே போதும். பேப்பர் தப்பாகப் போனால் நாளைக்கு இன்னொன்று வரும். சேலை தப்பாகப் போனால்?