ஞாயிறு சமையலும் அம்மாவின் தட்டும்

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்கிறோம். யாருக்கு ஓய்வு என்று என்றைக்காவது யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே? ஆபீஸுக்கு லீவு, பள்ளிக்கூடத்துக்கு லீவு, தொழிற்சாலைக்கு லீவு. அடுப்புக்கு மட்டும் லீவு கிடையாது!

அதுவும் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். எட்டரை மணி ஆராதனைக்கு எல்லோரும் குளித்துக் கிளம்ப வேண்டும். சின்னவளுக்கு ஓய்வுநாள் பள்ளி. பெரியவன் பாடகர் குழுவில் இருந்தால் அவன் அரை மணி முன்னாலேயே போக வேண்டும். ஆராதனை முடிந்து, நாலு பேரிடம் பேசி வீடு வந்து சேர மணி பதினொன்றரை ஆகிவிடும். வந்ததும் வராததுமாக, "அம்மா, பசிக்குது!" வாரத்தில் கறிக்குழம்பு வைக்கிற நாளும் அதுதான். விருந்தாளி வருகிற நாளும் அதுதான். ஆகவே பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே நம்மில் பலருக்கு மனசு குக்கர் பக்கம் போய்விடுகிறது.

மார்த்தாள், மரியாள் கதையைக் கோயிலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். மரியாளைப் போல உட்கார்ந்து கேள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மார்த்தாள் செய்த வேலையை யார் செய்வது, எப்போது செய்வது என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு வழி ஒன்றுதான்: திட்டம். அந்தத் திட்டத்தால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று, அம்மா கோயிலில் நிம்மதியாக உட்கார வேண்டும். இரண்டு, வீட்டில் எல்லோர் தட்டிலும் இருப்பது அம்மாவின் தட்டிலும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

நாள் பார்த்து ஒரு பட்டியல்

ஆவடியை அடுத்த எங்கள் வெள்ளானூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது விடியற்காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்புகிறவராக இருப்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு, இல்லையென்றால் ஆவடி ஸ்டேஷனில் ரயில் பிடித்துப் பட்டணத்து வேலை. எங்கள் வீட்டில் ஐந்து பேர். என் கணவருக்கு ஷிப்டு வேலை, மகனுக்கு ப்ளஸ் டூ, மகள் எட்டாம் வகுப்பு, மாமியாருக்குச் சர்க்கரை. ஆளுக்கு ஒரு நேரம், ஆளுக்கு ஒரு சாப்பாடு என்று போனால் நாள் முழுக்க அடுப்படிதான்.

"இன்னைக்கு என்ன சமைக்கிறது?" என்ற கேள்வியைத் தினமும் காலையில் கேட்பதற்குப் பதில், வாரத்துக்கு ஒரு தடவை கேட்டு முடித்துவிடலாம். இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தையே பாருங்கள். திங்கள் உப்புமா வகை, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று கிழமை பார்த்துப் பட்டியல் போட்டுத்தான் அத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொங்குகிறார்கள். ஊருக்குச் சரிப்படுவது ஒரு வீட்டுக்குச் சரிப்படாதா?

நான் பட்டியல் போட உட்காரும்போது முதலில் பார்ப்பது சபைக் காலண்டரை. எந்த ஞாயிறு திருவிருந்து, எந்த நாள் வீட்டு ஜெபக்கூட்டம், எப்போது லெந்து தொடங்குகிறது என்று குறித்துக்கொள்வேன். அடுத்து இவருடைய ஷிப்டு, பிள்ளைகளின் பரீட்சை. அதன் பிறகுதான் காய்கறி. எங்கள் வீட்டு மதியச் சாப்பாடு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

திங்கள்: முள்ளங்கி சாம்பார், கீரைப் பொரியல்.
செவ்வாய்: கறுப்புக் கொண்டைக்கடலைக் குழம்பு, முட்டைக்கோஸ்.
புதன்: மத்தி மீன் குழம்பு, ரசம்.
வியாழன்: எலுமிச்சம்பழச் சாதம், காராமணிச் சுண்டல்.
வெள்ளி: பருப்பு கடைசல், முருங்கைக்கீரை, அவித்த முட்டை.
சனி: மீதமிருக்கிற காய்கறி எல்லாம் போட்டுக் கூட்டாஞ்சோறு.

இரவுக்கு இட்லி, தோசை, சப்பாத்தி, கேழ்வரகு அடை என்று மாற்றி மாற்றி. மாமியாருக்கு மட்டும் சாதத்தைக் குறைத்துக் காயையும் சுண்டலையும் கூட்டிவிடுவேன். தனிச் சமையல் கிடையாது. ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும்போது வாங்கி வைத்துவிட்டால், மிச்சமாகும் பணம் முட்டைக்கும் மீனுக்கும் ஆகும்.

சனிக்கிழமை இரண்டு மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமையின் நிம்மதி சனிக்கிழமை மாலையில் இருக்கிறது. மாவு ஆட்டிவைப்பது, இஞ்சி பூண்டு விழுது, சின்ன வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது எல்லாம் சனிக்கிழமையே முடிந்துவிட வேண்டும். வெங்காயம் உரிக்க மகனையும் மகளையும் உட்கார வையுங்கள். ஆண்பிள்ளை கை வெங்காயத்தில் பட்டால் தேய்ந்துவிடாது!

கறியையும் சனிக்கிழமையே வாங்கிவிடலாம். ஞாயிறு காலையில் கறிக்கடை வரிசையில் நின்று வாங்கி வந்து, அவசரமாகக் கழுவி, குக்கரில் போட்டுவிட்டு ஓடுவதை விட இது எவ்வளவோ மேல். இதோ, ஐந்து பேருக்கான பருப்பு போட்ட கறிக்குழம்பு.

வேண்டியவை: ஆட்டுக்கறி அரை கிலோ, துவரம்பருப்பு 100 கிராம், கத்தரிக்காய் 4, முருங்கைக்காய் 1, சின்ன வெங்காயம் 15, தக்காளி 3, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, குழம்பு மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, நெல்லிக்காய் அளவு புளி, கால் மூடித் தேங்காயும் ஒரு தேக்கரண்டி சோம்பும் சேர்த்து அரைத்த விழுது, மஞ்சள்தூள், உப்பு, எண்ணெய், பட்டை, கறிவேப்பிலை.

சனிக்கிழமை மாலை: கறியைக் கழுவி மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுதில் பாதி, உப்பு, ஒரு கரண்டி மிளகாய்த்தூள், ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்துக் குக்கரில் ஐந்தாறு விசில் விடுங்கள். முற்றிய கறியானால் இன்னும் இரண்டு. ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பருப்பையும் தனியாக வேகவைத்து அப்படியே வைக்கலாம்.

ஞாயிறு மதியம்: கறியின் மேல் கொழுப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம், வயசானவர்களுக்கு நல்லது. எண்ணெயில் பட்டை, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், மீதி இஞ்சி பூண்டு விழுது, தக்காளி வதக்கி, காய்களைப் போட்டு, மீதி மிளகாய்த்தூள், புளிக்கரைசல் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். காய் முக்கால் வேக்காடு வந்ததும் கறி, பருப்பு, தேங்காய் விழுது சேர்த்து நன்றாகக் கொதித்து வந்தால் இறக்கிவிடலாம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பருப்பும் காயும் சேர்வதால் அரை கிலோ கறி ஐந்து பேருக்குத் தாராளமாகக் காணும்.

இதில் ஒரு ஜாக்கிரதை. சமைத்த கறியை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் அதற்குள்ளேயே கெட ஆரம்பித்துவிடும். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் சூடு தங்கும். இரண்டு அகலமான பாத்திரத்தில் பிரித்து வைத்தால் சீக்கிரம் ஆறும். மறுநாள் வெதுவெதுப்பாகச் சூடு பண்ணினால் போதாது, தளதளவென்று கொதிக்க வேண்டும். மீந்த சாதத்துக்கும் இதே கதைதான். ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த சாதத்தை மறுபடி சூடாக்கினாலும் சில கிருமிகள் அதில் விட்ட நஞ்சு போகாது.

அம்மாவின் தட்டு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு சாப்பாட்டை எப்படிப் பரிமாறுகிறோம்? முதலில் அவருக்கு, பிறகு பிள்ளைகளுக்கு, பெரியவர்களுக்கு. "இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கோ" என்று சொல்லிச் சொல்லிப் போடுவோம். கடைசியில் நாம் உட்காரும்போது சட்டியில் குழம்பு இருக்கும், ஒரு எலும்பு இருக்கும், முருங்கைக்காய்த் துண்டு இருக்கும். "எனக்குக் குழம்பே போதும்" என்று சொல்வது நம் வாய்க்குப் பழகிப்போய்விட்டது. அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் உடம்பு அன்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய இரும்புச்சத்து 19 மில்லிகிராம். பெண்ணுக்கு 29! மாதாமாதம் ரத்தம் போகிறதே, அதனால். 13 முதல் 15 வயதுப் பையனுக்கு 22, அதே வயதுப் பெண்ணுக்கு 30. ஆக, வீட்டில் யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்கள் தட்டில்தான் குறைவாக விழுகிறது. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று தெரிந்தது. இரண்டில் ஒருத்தி! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், எப்போதும் அலுப்பாக இருப்பதும் "வேலை ஜாஸ்தி" என்று நாம் தள்ளிவிடுகிற சமாசாரம் இல்லை. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை; கர்ப்பிணிகளுக்கு 11க்குக் கீழே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியவை சில. கறியிலும் மீனிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சுலபமாகச் சேரும். கீரை, பயறு வகைகளில் இருப்பது சேர வேண்டுமானால் கூடவே எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், கொய்யா, தக்காளி என்று ஏதாவது புளிப்பு வேண்டும். காராமணிச் சுண்டலோடு எலுமிச்சம்பழச் சாதத்தை வைத்திருப்பது அதற்காகத்தான். சாப்பிட்ட கையோடு காபியும் டீயும் குடித்தால் அவை இரும்புச்சத்தைச் சேர விடாமல் தடுத்துவிடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம். இட்லியும் காபியும் ஜோடி என்று நினைக்கிறவர்களுக்குக் கஷ்டம்தான், என்ன செய்வது! பீட்ரூட் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்பது நிறத்தைப் பார்த்துச் சொல்கிற பேச்சு. அதில் இரும்புச்சத்து குறைவே. ஆட்டீரலில் நிறைய உண்டு. ஆனால் கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்ப்பது நல்லது. அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. குழம்பு இறக்கியதும் ஐந்து கிண்ணத்தில் துண்டுகளைச் சமமாகப் பிரித்து வைத்துவிடுவேன். பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடுவோம். வேண்டியதை அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியது. என் மாமியார், "ஏம்மா, உன் கிண்ணம் எங்கே?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்கள். மாமியார் கேட்டால் மகனும் கேட்பான், பேரனும் கேட்பான். நாளைக்கு அவன் வீட்டுக்கு வரும் பெண்ணுக்கும் ஒரு கிண்ணம் நிச்சயம்.

லெந்து நாட்களும் உபவாசமும்

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை ஞாயிறுகளை நீக்கி நாற்பது நாள். பல வீடுகளில் கறி, மீன் கிடையாது. நல்ல ஒழுங்குதான். ஆனால் கறியை நிறுத்திவிட்டு வெறும் ரசமும் அப்பளமுமாக நாற்பது நாளை ஓட்டினால் உடம்பு கெடும். கறிக்குப் பதில் கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை, கீரை, கேழ்வரகு, எள்ளுத் துவையல் என்று பட்டியலில் எழுதிவிடுங்கள். முட்டை சேர்க்கிறவர்கள் முட்டையை விட வேண்டாம்.

கத்தோலிக்க சகோதரிகளுக்குச் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருவேளை முழுச் சாப்பாட்டு நாட்கள். அதுவும் 18 வயது நிறைந்ததிலிருந்து 60ஆவது வயது தொடங்கும் வரைதான் கட்டாயம். நற்கருணைக்கு முன் நள்ளிரவிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த பழைய வழக்கம் படிப்படியாகத் தளர்ந்து, 1964 முதல் ஒரு மணி நேரமாகிவிட்டது. ஆகவே காலைப் பலகாரத்தை விட்டுவிட்டு மயங்கி விழ வேண்டிய அவசியமில்லை. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையே கிடையாது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போகிற இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும், பால் கொடுக்கும்போதும், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும்போதும் வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் கூடாது. ஜெபம் பண்ணுங்கள், டி.வி.யை உபவாசம் வையுங்கள், சீரியலை உபவாசம் வையுங்கள். பிள்ளைக்குப் போகிற பாலை உபவாசம் வைக்க வேண்டாம்.

டிசம்பர் வந்துவிட்டால்

கிறிஸ்துமஸ் பலகாரத்தை ஒரே ராத்திரியில் செய்ய நினைப்பதால்தான் பண்டிகையன்று இடுப்பு ஒடிகிறது. முறுக்கும் அச்சு முறுக்கும் கல்கலும் ஈரமில்லாத டப்பாவில் பல நாள் தாங்கும். டிசம்பர் 15 தேதி வாக்கிலேயே ஒரு சனிக்கிழமைக்கு ஒன்றாக முடித்துவிடலாம். அதிரசத்துக்கும் பாகு மாவை முன்கூட்டியே கிளறி வைக்கலாம். ராத்திரி கேரல் குழுவினர் வந்தால் கொடுக்கத் தனியாக ஒரு டப்பா. 24ஆம் தேதிக்கு இட்லி மாவும் கறி மசாலாவும் மட்டும் மிச்சம் வைத்தால், மறுநாள் விடியற்காலை ஆராதனையில் தூங்கி விழாமல் பாடலாம்.

ஒரு நோட்டும் பென்சிலும் போதும் சகோதரிகளே, இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். இந்தச் சனிக்கிழமையே உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ஞாயிறு மதியம் குழம்புக் கரண்டியைக் கையில் எடுக்கும் முன் கிண்ணங்களை ஒரு தரம் எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டில் ஐந்து பேர் என்றால் கிண்ணமும் ஐந்து இருக்க வேண்டும்.