உருகிய பொற்கலங்கள்

முன்னோர் பக்தியோடு அளித்த பொருளைப் பேணுதல் அறம். துன்புற்ற உயிரைக் காத்தலும் அறமே. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணும் வேளையில் ஒரு சமயத்தார் எதனைத் தெரிந்துகொள்கின்றனர் என்பதைக் கொண்டு அவர்தம் வழிபாட்டின் உண்மையை அளந்தறியலாம். கிறிஸ்தவ திருச்சபையின் பழைய வரலாற்றிலிருந்து இதற்குச் சான்றாக இரு நிகழ்ச்சிகளை ஈண்டு எடுத்துரைப்பாம்.

கி. பி. 378ஆம் ஆண்டில் அத்திரியானோப்பிள் என்னுமிடத்தில் உரோமப் படை கொதியரிடம் தோல்வியுற்றது. பேரரசர் வாலன்சும் களத்திலே மடிந்தார். திரேசு, இல்லீரிக்கம் முதலிய பகுதிகளின் மக்கள் பலர் சிறைப்பட்டனர். அப்போது மிலான் நகரின் மேற்றிராணியாராக விளங்கிய அம்புரோசியார், ஆலயத்துத் திருக்கலங்களை உடைத்து உருக்கி, அப்பொன்னை விலையாகக் கொடுத்துச் சிறைப்பட்டோரை மீட்பித்தார். மாற்றுக் கொள்கையினர் இதனைப் பெருங்குற்றமாகத் தூற்றினர். பொன்னைக் காப்பதிலும் உயிர்களைக் காப்பதே திருச்சபைக்குத் தகும் என்பதே அவர் அளித்த விடையின் சாரம்.

அம்புரோசியார் மீட்டவர் உரோமப் பேரரசின் குடிகள். பகைவரையே மீட்ட பெரியார் ஒருவரும் உளர். தைகிரிசு நதிக்கரையிலுள்ள அமீதா நகரின் மேற்றிராணியார் அக்காசியார் அவர். துருக்கி நாட்டிலுள்ள தியார்பக்கிரே அப்பழம்பதி. 421ஆம் ஆண்டில் உரோமர்க்கும் பாரசீகர்க்கும் போர் மூண்டது. பாரசீக நாட்டில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டமை அப்போருக்குக் காரணங்களுள் ஒன்று. உரோமப் படைவீரர் ஏறத்தாழ 7000 பாரசீகரைச் சிறைபிடித்தனர். அவர்களை விடுவிக்கவும் மறுத்தனர். சிறைப்பட்டோரோ பசியால் மடிந்துகொண்டிருந்தனர்.

தம் சமயத்தாரை வருத்திய நாட்டார் தாமே என்று அக்காசியார் வாளாவிருந்திலர். குருமாரை அழைத்து, இறைவன் உண்பதுமில்லை, பருகுவதுமில்லை. ஆதலின் அவனுக்குத் தட்டும் வேண்டா, கிண்ணமும் வேண்டா என எடுத்துரைத்தார். அடியார்கள் காணிக்கையாக அளித்த பொன், வெள்ளிக் கலங்கள் உருக்கப்பட்டன. அவற்றின் விலையால் கைதிகள் மீட்கப்பட்டனர்; உணவளிக்கப்பட்டனர்; வழிச்செலவும் பெற்றுத் தம் அரசனிடம் திரும்பினர். பாரசீக வேந்தன் இச்செயல் கேட்டு வியந்தான் என்பர். இதனை எழுதிவைத்தவர் அந்நூற்றாண்டிலேயே வாழ்ந்த சோக்கிரதர் என்னும் திருச்சபை வரலாற்றாசிரியர்.

அங்ஙனமாயின் ஆலயமும் அணிகலமும் வீண்பொருளோ எனின், அன்று. கலங்களை உருக்கிய அதே அம்புரோசியார்தாம் 386ஆம் ஆண்டில் மிலானில் பேராலயம் ஒன்றையும் அர்ச்சித்தார். அவ்விடத்தில் அவர் பெயர் தாங்கிய ஆலயம் இன்றும் நிற்கின்றது. எனவே அவர் கட்டுவதை வெறுத்தவரல்லர். கட்டியது எதன்பொருட்டு என்பதை மறவாதவர்.

முல்லைக்குத் தேரீந்த பாரியைப் போற்றும் தமிழருக்கு இவ்வுள்ளம் புதிதன்று. தேரின் அருமையை அறியாமலா அவன் கொடுத்தான்? அமீதாவின் அடியார்களும் தம் கலங்களின் அருமையை அறிந்தோரே. அவை நிலவறையில் கிடந்திருப்பின் என்றோ ஒருநாள் கள்வர்க்கோ படையினர்க்கோ இரையாகியிருத்தல் கூடும். உருகியமையால் அவை ஏழாயிரவர்க்குச் சோறாயின. வீடு திரும்பும் வழியாயின. காணிக்கை கொடுத்தோர் வேண்டிய புண்ணியம் இதனின் வேறு யாது?