‘கிடைச்சிட்டுது’ எண்டா என்ன அர்த்தம்?

கொமூனேக்கோ குவெஸ்தூராவுக்கோ வீட்டுக்காக நீங்கள் ஒருமுறையாவது பெக் அனுப்பியிருப்பீங்கள். அனுப்பினதும் இரண்டு ரசீது வரும். முதலாவது ‘அச்செத்தாசியோனே’: உங்கட பெக் நிறுவனம் மடலை ஏற்றுக்கொண்டது. இரண்டாவது ‘கொன்சென்யா’: மடல் மற்றப் பக்கத்துப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. அங்கே யாராவது அதைத் திறந்து வாசிச்சினமா எண்டு இரண்டுமே சொல்லாது.

இந்த எபிசோட்டில் கதைத்த சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷனிலும் இதே கேள்விதான். மற்ற சர்வர் ‘கிடைச்சிட்டுது’ எண்டு சொன்னால், அங்கே உண்மையில் எது நடந்து முடிந்தது?

மூன்று விதமான ‘ஓம்’

போஸ்ட்கிரெஸை எடுப்பம். 2011இல் வந்த 9.1 பதிப்பிலிருந்து அதில் இந்த வசதி இருக்கு. பிரைமரி ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் லொக்கில் எழுதி, அந்த லொக்கை ஸ்டாண்ட்பைக்கு அனுப்பும். ஸ்டாண்ட்பையின் பதிலில் மூன்று எண்கள் இருக்கும்: லொக்கை எதுவரை வாங்கி எழுதினேன், எதுவரை டிஸ்க்கில் பத்திரமா இருக்கு, எதுவரை டேட்டாபேஸில் செயற்படுத்திவிட்டேன்.

முதல் எண்ணோடு பிரைமரி திருப்திப்பட்டால் வேகம் கிடைக்கும். ஆனா இரண்டு மெஷினுக்கும் ஒன்றாகக் கரண்ட் போனால், ஸ்டாண்ட்பையின் மெமரியில் மட்டும் இருந்தது போயிடும். இரண்டாவதுக்குக் காத்திருப்பதுதான் வழக்கமான செட்டிங். மூன்றாவது 2016இல் 9.6 உடன் வந்தது. அதில் காத்திருந்தால், ஸ்டாண்ட்பையில் போய்த் தேடினாலும் புது மாற்றம் தெரியும்.

இதில் ஒரு அழகான விஷயம்: அந்தப் பதிலில் எந்த ட்ரான்சாக்ஷனின் பெயரும் இல்லை. லொக்கில் ஓர் இடம் மட்டும்தான். ‘இதுவரை சரி’ எண்டால் அதற்கு முந்தின எல்லாமே சரி. நூறு பேர் காத்திருந்தாலும் ஒரே பதில் போதும். இணைப்பு அறுந்து ஒரு பதில் தொலைந்தாலும், திரும்ப இணைந்ததும் வாற பதில் அதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

காத்திருக்கிற விலை

பலெர்மோவிலிருந்து மிலானுக்கு நேர்கோட்டில் சுமார் 900 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெக்கனில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும். அப்போ போய்வர ஆகக் குறைந்தது 9 மில்லிசெக்கன். ஒரே கனெக்ஷனில் ஒன்றன்பின் ஒன்றாகக் கமிட் செய்தால் செக்கனுக்கு 110 அளவோடு நிண்டுவிடும்.

காத்திருக்காட்டி? 2018 அக்டோபர் 21ஆம் திகதி கிட்ஹப்பின் அமெரிக்கக் கிழக்குக் கரை நெட்வொர்க் 43 செக்கன் துண்டிக்கப்பட்டது. அதற்குள் மேற்குக் கரை பிரைமரியாக மாறிவிட்டது. கிழக்கில் எழுதப்பட்ட கடைசி மாற்றங்கள் சில அங்கே போய்ச் சேரவில்லை. இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத தரவு! சேவை முழுதாக வழமைக்குத் திரும்ப 24 மணித்தியாலமும் 11 நிமிடமும் எடுத்தது.

பதில் வராட்டி?

மைஎஸ்கியூஎல்லின் செமி-சிங்க் முறை, மாற்றாமல் விட்டால், 10 செக்கன் பார்த்துவிட்டுக் காத்திருப்பதையே கைவிட்டுத் தொடர்ந்து ஓடும். போஸ்ட்கிரெஸ் அப்படி விடாது. ஸ்டாண்ட்பை வரும்வரை கமிட் நிற்கும். ஒன்றில் ஆப் நிற்காது, பாதுகாப்பு சத்தமில்லாமல் குறையும். மற்றதில் பாதுகாப்பு நிற்கும், ஆப்பும் சேர்ந்து நிற்கும். உங்கட சிஸ்டத்துக்கு எது வேணும் எண்டு விபத்து நடக்க முதலே முடிவெடுங்கோ. போஸ்ட்கிரெஸில் இதை ட்ரான்சாக்ஷனுக்கு ட்ரான்சாக்ஷன் மாற்றலாம்: காசு அனுப்புறதுக்குக் காத்திருங்கோ, லைக் எண்ணுறதுக்குத் தேவையில்லை.

கடைசியா ஒன்று. போஸ்ட்கிரெஸில் காத்திருப்பை இடையில் ரத்து செய்தால், பிரைமரியில் அந்தக் கமிட் ஏற்கெனவே முடிந்திருக்கும். ‘பதில் வரேல்ல’ எண்டால் ‘நடக்கேல்ல’ எண்டு அர்த்தமில்லை. யாழ்ப்பாணத்துக்குக் காசு அனுப்பும் ஒருவர் ஸ்கிரீன் உறைந்ததும் திரும்ப பட்டனை அழுத்துவார். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆப் ஒரு தனி எண் கொடுத்து, இரண்டாம் தரம் வரும்போது அதே எண்ணைக் கண்டுபிடித்தால்தான் காசு ஒருமுறை மட்டும் போகும்.