குடக்கூலி வருமானமும் குடும்பச் செல்வமும்

நெசவாளர்க்கும் பயிரிடுவோர்க்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. உடலில் வலு உள்ளவரையில் வருமானம் வருகிறது. அது தளர்ந்தபின் குடும்பத்தை எது தாங்கும் என்பதே அக்கவலை. நாற்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்தவருக்குக் கண் மங்குகிறது. முழங்கால் வலி கண்டுவிடுகிறது. பயிரிடுவோர்க்கு மழை பொய்த்துவிட்டால் இளமையிலேயே அந்நிலை நேருகிறது. ஆகையால், சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு இரண்டு வாடகை வீடுகளைக் கட்டிவிட்டால் மாதந்தோறும் வருவாய்க்கு வழி பிறக்கும் என்று அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். ஈரோடு, திருப்பூர் முதலிய ஊர்களில் வரிசை வரிசையாக நிற்கும் ‘லைன் வீடுகள்’ பல இத்தகைய எண்ணத்தில் எழுந்தவையே.

எண்ணம் நல்லதே. ஆயினும், கணக்கறிந்து கட்டியவருக்கு வாடகை வீடு முதுமைக்குத் துணையாகும். கணக்கறியாது கடன்பட்டுக் கட்டியவருக்கோ, குடியிருக்கும் வீட்டிற்கே அதனால் ஆபத்து வருதல் கூடும். அக்கணக்கை அங்கத்தினர்க்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மொத்த வாடகையும் நிகர வருமானமும்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அங்கத்தினர் ஒருவருக்குத் தம் வீட்டின் அருகே காலி மனை இருக்கிறது. அதில் ரூ. 16 லட்சம் செலவில் இரண்டு குடித்தனங்களைக் கட்டுகிறார். ஒவ்வொன்றுக்கும் மாத வாடகை ரூ. 6,000. ஆண்டுக்கு மொத்தம் ரூ. 1,44,000 வரவேண்டும். போட்ட முதலுக்கு இது 9 சதவீதம் ஆகிறது. பெரும்பாலோர் இத்துடன் கணக்கை முடித்துவிடுகின்றனர். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

ஆண்டு முழுவதும் எந்த வீடும் நிரம்பியிருப்பதில்லை. ஒருவர் காலி செய்து மற்றொருவர் குடிவருவதற்குள் சராசரியாக ஒரு மாதம் கழியுமாயின், அவ்வகையில் ரூ. 12,000 குறையும். வெள்ளையடித்தல், குழாய், கதவு, மேல்தள ஒழுக்கு முதலிய மராமத்துக்கு ரூ. 12,000 ஒதுக்கவேண்டும். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் முதலியவற்றுக்கு ரூ. 4,000 என்று கொள்வோம். இவை போக எஞ்சுவது ரூ. 1,16,000. இதுவே நிகர வருமானம். போட்ட முதலுக்கு இது ஏழேகால் சதவீதம்.

மனை சொந்தமாக இல்லாமல் ரூ. 12 லட்சம் கொடுத்து வாங்க நேரிட்டால் முதல் ரூ. 28 லட்சமாகிறது. வாடகையோ அதே தொகைதான். நிகர வருமானம் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. நிலையான வைப்பில் கிடைக்கும் வட்டியுடன் இதனை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். மனையின் விலை ஏறும் என்பது உண்மையாகலாம். ஆனால் அவ்வேற்றம் விற்கும்போதுதான் கைக்கு வரும். அதைக் கொண்டு மாதத் தவணை கட்ட இயலாது.

வருமான வரிச் சட்டமும் வாடகை முழுவதையும் வருமானமாகக் கொள்வதில்லை. உள்ளாட்சிக்குச் செலுத்திய சொத்து வரியைக் கழித்து, எஞ்சியதில் 30 சதவீதத்தையும் கழிக்க அது இடமளிக்கிறது. சட்டமே கழித்துப் பார்ப்பதை நாம் கழிக்காது விடலாமா?

எவ்வளவு கடன் தாங்கும்?

மேற்கூறிய அங்கத்தினர் தம் சேமிப்பு ரூ. 6 லட்சத்துடன் ரூ. 10 லட்சம் கடன் பெற்றார் என்று கொள்வோம். வட்டி 9 சதவீதம், தவணைக் காலம் 15 ஆண்டுகள் எனில், மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 10,143. ஆண்டுக்கு ரூ. 1,21,716. நிகர வருமானமோ ரூ. 1,16,000. ஆகவே, வீடுகள் நிரம்பியிருக்கும் ஆண்டிலேயே ரூ. 5,716 தம் நெசவுக் கூலியிலிருந்து அவர் போடவேண்டும். ஒரு குடித்தனம் ஆறு மாதம் காலியாகக் கிடந்தால் துண்டுவிழும் தொகை ரூ. 35,716 ஆகிவிடும்.

அவர் சில ஆண்டுகள் பொறுத்துச் சேமிப்பை ரூ. 10 லட்சமாக்கி, ரூ. 6 லட்சம் மட்டும் கடன் பெற்றிருந்தால், ஆண்டுத் தவணை ஏறத்தாழ ரூ. 73,000. கையில் ரூ. 43,000 மிஞ்சும். அதே ஆறு மாதக் காலியிருப்பு நேர்ந்தாலும் தவணை தவறாது, மேலும் ரூ. 13,000 எஞ்சும். நிகர வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தவணை செல்லாதிருப்பதே பாதுகாப்பானது. அவ்வளவு சேமிப்பு இல்லாதவர், இரண்டு குடித்தனங்களுக்கும் திட்டமிட்டு, முதலில் ஒன்றை மட்டும் கட்டலாம். அதன் வருமானம் மற்றொன்றுக்கு வழிகாட்டும்.

வீடு காலியாகக் கிடப்பது வெறுங் கற்பனையன்று. 2020 மார்ச் மாதம் 25-ஆம் தேதி கொரோனா நோய்க்காக நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. தொடர்ந்து வந்த மாதங்களில், திருப்பூரில் வேலை செய்துவந்த வெளிமாநிலத் தொழிலாளர் பெருந்திரளாகத் தம் ஊர்களுக்குத் திரும்பினர். அவர்களையே நம்பிக் கட்டப்பட்ட அறைகள் வெறுமையாயின. ஒரே தொழிலை நம்பியிருக்கும் ஊரில் தறியும் ஆலையும் நிற்கும்போது, கூலியும் வாடகையும் சேர்ந்தே நின்றுவிடுகின்றன. ஆகையால், தறிக்குழி உள்ள வீட்டையோ சோறு போடும் நிலத்தையோ ஈடு காட்டி வாடகை வீடு கட்டுவது கூடவே கூடாது. புது வீடு கைவிட்டுப் போனால் சேமிப்புத்தான் நஷ்டம். தறி வீடு போனால் தொழிலே நஷ்டம்.

போக்கியப் பணம்

நம் பகுதிகளில் வீட்டைப் போக்கியத்துக்கு விடும் வழக்கமும் உண்டு. ஒத்தி என்றும் கூறுவர். குடிவருபவர் ஒரு பெருந்தொகையை ஒரே தடவையில் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறுவார். வட்டிக்குப் பதில் குடியிருப்பு என்பதே இதன் சாரம்.

இப்பணத்தைக் கொண்டு வங்கிக் கடனை அடைத்தால் வட்டி மிச்சமாகும். ஆனால் பலர் இதனை வருமானமாக எண்ணித் திருமணத்துக்கும் பண்டிகைக்கும் செலவிட்டுவிடுகின்றனர். காலம் முடிந்ததும், அதனைத் திருப்பிக் கொடுக்கக் கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்குகின்றனர். போக்கியப் பணமும் முன்பணமும் பிறர் பணம் என்பதை ஒருபோதும் மறத்தலாகாது. முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பாகப் போட்டுவைப்பதே முறை.

ஒப்பந்தமும் நல்லுறவும்

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருசாராரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்து மூலம் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படவேண்டும். வாடகை பாக்கி என்பதற்காகக் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க உரிமையாளருக்கு உரிமை இல்லை. வாய்மொழியை நம்பி வீட்டை விடுபவர், தகராறு வரும்போது கையில் ஆதாரமின்றி நிற்க நேரும்.

கட்டும்போதே ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி மின் அளவியும் தனிக் கழிப்பறையும் அமைப்பது நலம். இவற்றைப் பொதுவாக வைத்துச் சிக்கனம் செய்தால், நாள்தோறும் சச்சரவும் அடிக்கடி காலியிருப்பும் விளையும். ஓரிரு நூறு ரூபாய் வாடகை குறைந்தாலும் பல ஆண்டுகள் நிலைத்திருக்கும் நல்ல குடித்தனமே லாபம். மனையை விலைக்கு வாங்குவோர் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை விவரம் அறிந்தவரிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுத்தல் வேண்டும்.

முடிவுரை

வாடகை வீட்டினால் செல்வம் விரைவில் பெருகுவதில்லை, மெல்லவே சேருகிறது. தவணைக் காலம் முழுவதும் வாடகை பெரும்பாலும் கடனுக்கே செல்லும். கடைசித் தவணை தீர்ந்த மாதத்திலிருந்துதான் வீடு உண்மையில் நமக்கு உழைக்கத் தொடங்கும். நாற்பத்தைந்து வயதில் கட்டியவருக்கு அறுபதில் அந்நாள் வரும். கை தளரும் காலத்தில் கூலிக்கு ஈடாக வாடகை வந்து சேரும். அதுவரையில் தவணை தவறாமலும், மராமத்து நிதி குறையாமலும், புதுக் கடன் சேராமலும் காப்பதே அங்கத்தினரின் கடமை. ஆகவே, அடிக்கல் நாட்டுவதற்கு முன் ஒரு தாளில் வரவையும் செலவையும் எழுதி, அதனை வீட்டில் உள்ள பெண்களிடமும் காட்டி ஆலோசியுங்கள். அத்தாளில் மிச்சம் தெரியாவிடில், மிச்சம் தெரியும்வரை சேமிப்பைத் தொடர்வதே உத்தமம்.