படை அனுப்பாத பிரதமர்

உலகின் ஏதோ ஒரு மூலையில் போர் மூளும்போதெல்லாம், "நம் பிரதமர் ஏன் வாய் திறக்கவில்லை?" என்ற கேள்வி ஆலய வளாகத்திலும் தேநீர்க் கடையிலும் எழுகிறது. தயங்குவதெல்லாம் கோழைத்தனம்தானா? 2003ஆம் ஆண்டு ஈராக் போரின்போது அன்றைய பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய் நடந்துகொண்ட விதத்தை வைத்து இதைச் சற்றே சிந்திப்போம்.

அவ்வாண்டு மார்ச் 20 அன்று அமெரிக்கா தன் நேச நாடுகளுடன் ஈராக்கின்மீது போர் தொடுத்தது. அதைத் தடுக்கத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பெரிதும் பாடுபட்டார். பிப்ரவரியில் கர்தினால் எச்செகரேயைப் பாக்தாத்துக்கு அனுப்பினார். மார்ச் 5, திருநீற்றுப் புதனன்று, அவரது கடிதத்துடன் கர்தினால் பியோ லாகி அதிபர் புஷ்ஷைச் சந்தித்தார். இந்தியா அவ்வளவு உரத்துப் பேசவில்லை. போருக்கு நியாயம் இல்லை என்று மட்டும் அரசு சொன்னது. எதிர்க்கட்சிகள் வற்புறுத்திய பிறகே, ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதன் இந்தி வடிவத்தில் இருந்த சொல் 'நிந்தா'. நம் நிந்தைப் பரிகாரச் செபங்களில் வரும் சொல்தான். இந்தியில் கண்டனத்தைக் குறிக்கும். ஆங்கில வடிவத்திலோ வருந்துகிறோம் என்பது போன்ற மென்மையான சொல். உள்ளூருக்கு ஒன்று, வாஷிங்டனுக்கு ஒன்று! இந்தச் சாமர்த்தியத்தை நாம் புண்ணியக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆயினும் அந்தத் தயக்கம் நமக்குப் புரியாததல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆலைகளின் தோலும் காலணியும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. ஆர்டர் நின்றால் முதலில் வேலை இழப்பவர்கள் தையல் எந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் பெண்கள். மறுபக்கம், வளைகுடா நாடுகளில் இலட்சக்கணக்கான இந்தியர் பிழைக்கிறார்கள்.

உண்மையான சோதனை பாக்தாத் வீழ்ந்த பிறகே வந்தது. ஈராக்கில் ஒழுங்கை நிலைநாட்ட ஒரு டிவிஷன் படையை, ஏறத்தாழ 17,000 வீரர்களை, அனுப்பும்படி அமெரிக்கா கேட்டது. அனுப்பலாம் என்றவர்கள் அரசுக்குள்ளேயே இருந்தார்கள். வேலூருக்கு அருகே கம்மவான்பேட்டை போல, வீட்டுக்கு வீடு படைவீரர் உள்ள ஊர்கள் நம்மிடையே உண்டு. அந்த 17,000 என்பது அங்குள்ள தாய்மாருக்கு வெறும் எண் அல்ல. வாஜ்பாய் அவசரப்படவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் சோனியா காந்தியையும் கலந்து பேசினார். ஜூலை 14 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு, ஐ.நா.வின் தெளிவான ஆணையின்றிப் படை அனுப்புவதற்கில்லை என்று முடிவு செய்தது. ஜோர்தானுடன் சேர்ந்து நஜாப் நகரில் மருத்துவமனை அமைக்க முன்வந்தது.

போருக்குப் புறப்படும் அரசன் முதலில் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பான் என்று லூக்கா 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறுகிறார். புனித தோமா அக்குவினாசும் எச்சரிக்கையை விவேகத்தின் ஒரு பகுதியாகவே வைக்கிறார். (நம் பகுதித் தோல் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமும் முன்னெச்சரிக்கையைத்தான் வலியுறுத்தியது. தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு ஆலை நடத்துபவருடையது என்றது. போர் தொடுப்பவருக்கும் அதே பொறுப்பு உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது.)

ஆகஸ்டு 19 அன்று பாக்தாத் ஐ.நா. அலுவலகத்தில் குண்டு வெடித்து, ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி செர்ஜியோ வியெரா டி மெல்லோ உட்பட 22 பேர் மாண்டனர். நவம்பரில் நசிரியாவில் இத்தாலியர் 19 பேர் கொல்லப்பட்டனர். படை மறுத்ததற்காக அமெரிக்கா நம்மைப் பகைக்கவும் இல்லை. 2004 ஜனவரியிலேயே கூட்டுறவை விரிவாக்கப் போவதாக இரு நாடுகளும் அறிவித்தன. அப்படியானால், ஏப்ரல் தீர்மானத்தில் ஆங்கிலத்திலும் 'நிந்தா' என்றே எழுதியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று நாம் கேட்கலாம்.